இரண்டு மேசை தள்ளி இருந்த சாட்சி

மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் என் மேலாளர் அல்லர். என் இருக்கையிலிருந்து இரண்டு மேசை தள்ளி அமர்ந்து, தணிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்த மூத்த சக ஊழியர். அதில் இருந்தவை மொத்தமே ஐந்து வாக்கியங்கள். "நேற்று மாலை ஆடிட்டர்களிடமிருந்து 17 கேள்விகள் வந்தன. அவற்றில் 11 நீங்கள் போட்ட ஜர்னல் என்ட்ரிகளைப் பற்றியவை. ஒவ்வொன்றின் நரேஷனிலும் எந்த வவுச்சர், எதற்காகத் திருத்தம், யாரிடம் கேட்டு உறுதி செய்தீர்கள் என்று எழுதி வைத்திருந்தீர்கள். அதனால் யாரையும் ஃபோனில் கூப்பிடாமல் 11 கேள்விகளுக்கும் நானே பதில் எழுதிவிட்டேன். எட்டரைக்கு வீட்டில் இருந்தேன், மகள் இன்னும் தூங்கியிருக்கவில்லை."

கணக்குத் துறையில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். ஒரு ஜர்னல் என்ட்ரியை, அதாவது கணக்கில் ஏற்றும் ஒரு பதிவை, இடும்போது, அது எதற்காகப் போடப்பட்டது என்று எழுதுவதற்கு ஒரு சிறு கட்டம் இருக்கும்; அதைத்தான் நரேஷன் என்கிறோம். எங்கள் மென்பொருளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதிவு ஏறாது. ஆனால் ஒரே ஒரு புள்ளியை வைத்தாலே ஏறிவிடும். வேலை நெருக்கும் நாட்களில் பலரும் புள்ளியைத்தான் வைப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நான் ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதிவந்தேன். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. யாரேனும் படித்ததாகவும் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டின் பணி மதிப்பீட்டுப் படிவத்தில் என்னைப் பற்றி "எதிர்பார்ப்பை நிறைவு செய்கிறார்" என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. அதற்கு முன்பே ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி, அனுப்பவும் மனமில்லாமல் அழிக்கவும் மனமில்லாமல், நான்கு மாதங்களாக வைத்திருந்தேன்.

அந்த மின்னஞ்சலைப் படித்ததும் என் சோர்வெல்லாம் பறந்துபோனது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அன்றைக்கும் இரவு ஒன்பதரை வரை வேலை இருந்தது. தோள்வலியும் அப்படியே இருந்தது. ஆனால் அன்று போட்ட பதிவுகளுக்கு நரேஷன் எழுதும்போது, அதைப் படிக்கப்போகிற ஒருவரின் முகம் முதன்முறையாக என் மனத்தில் இருந்தது. ஆறு ஆண்டுகளாகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த ஒரு பழக்கம், எங்கோ ஒருவர் தம் குழந்தையைத் தூங்குவதற்கு முன் பார்க்க உதவியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, அதே வேலையை அதே அலுப்போடு என்னால் செய்ய முடியவில்லை. பணியிடத்தில் சக ஊழியர்கள் ஒருவர் வேலையை ஒருவர் கண்டு சொல்வது பற்றி அதன்பிறகு நிறையப் படித்தேன். ஒரு சிறு குழுவை நடத்தும் பொறுப்பு வந்தபோது செய்தும் பார்த்தேன், சில முறை தவறாகவும் செய்தேன். அவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு, நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், பணிச்சோர்வைப் பணி சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. அந்த வரையறைக்கு மூன்று முகங்கள் உண்டு: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு வளர்தல், தன் பணித்திறன் குறைந்துவிட்டதாக உணர்தல். நிறுவனங்கள் ஊழியர் நலன் என்ற பெயரில் செய்பவை பெரும்பாலும் முதல் முகத்தோடு நின்றுவிடுகின்றன. ஓய்வு, விடுமுறை, யோகா வகுப்பு, தூக்கம் பற்றிய ஓர் உரை. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் தூங்கி எழுந்தால் தீர்பவை அல்ல. நான் செய்வதால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி ஒருவர் மனத்தில் பதிலில்லாமல் கிடக்கும்வரை, இரண்டு வார விடுமுறைக்குப் பின் திரும்பி வந்து இருக்கையில் அமரும் அந்தக் காலையிலேயே கசப்பும் வந்து அமர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

மருத்துவச் சமூகவியலாளர் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் முன்வைத்த ஒரு கருத்து இதற்குப் பொருத்தமானது. ஒருவர் வேலையில் செலுத்தும் உழைப்புக்கும் அவருக்குத் திரும்பக் கிடைப்பதற்கும் இடையே நீண்டகாலம் ஏற்றத்தாழ்வு நிலவினால் அது உடலையே பாதிக்கும், குறிப்பாக இதயத்தைப் பாதிக்கும் என்பது அவருடைய வாதம். திரும்பக் கிடைப்பது என்று அவர் கணக்கில் எடுத்துக்கொண்டது சம்பளத்தை மட்டுமன்று. பணி நிலைத்தன்மையும் பதவி உயர்வு வாய்ப்பும் அதில் உண்டு, மதிப்பும் உண்டு. அந்த மதிப்பை அளக்க அவர் உருவாக்கிய கேள்வித்தாளில், மேலதிகாரிகளிடமிருந்து எனக்கு உரிய மரியாதை கிடைக்கிறது என்ற கூற்றும், சக ஊழியர்களிடமிருந்து எனக்கு உரிய மரியாதை கிடைக்கிறது என்ற கூற்றும் தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டிவிடும் என்று அவர் கருதியிருந்தால் இரண்டையும் கேட்டிருக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த இரண்டும் ஏன் வேறு என்பதை வேலை செய்கிற எல்லோரும் அனுபவத்தில் அறிவார்கள். மேலாளர் பார்ப்பது பெரும்பாலும் முடிந்த பண்டத்தை. கணக்கு ஐந்தாம் தேதி முடிந்ததா, அறிக்கையில் பிழை இருந்ததா என்பதுதான் அவருக்குத் தெரியும், தெரிய வேண்டியதும் அதுதான். அந்த அறிக்கை உருவான விதத்தை, அதில் எந்த இடத்தில் ஒருவர் நின்று நிதானித்துச் சரிபார்த்தார் என்பதை, அடுத்த கட்டத்தில் அதைக் கையில் வாங்கிய சக ஊழியர்தான் பார்க்கிறார். அவர்தான் சாட்சி. மேலாளரின் பாராட்டோடு சம்பள உயர்வும் மதிப்பீட்டுப் படிவமும் ஒட்டிக்கொண்டே வருவதால், கேட்பவர் அதன் உள்நோக்கத்தையும் சேர்த்தே எடை போடுகிறார். பக்கத்து மேசைக்காரருக்கு என்னைப் பாராட்டி ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்பதே அவர் சொல்லுக்குக் கனம் தருகிறது.

இதற்கு நெருக்கமான ஒன்றை உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1971-இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களுக்கு ஏழு துண்டுகள் கொண்ட சோமா என்ற புதிரைக் கொடுத்து, தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் சிலருக்குப் பணம் கொடுத்தார். இடையில் எட்டு நிமிடம் அவர்களைத் தனியே விட்டுவிட்டு, யாரும் கேட்காமலே எத்தனை நேரம் புதிரோடு செலவிடுகிறார்கள் என்று கவனித்தார். பணம் வாங்கிப் பழகியவர்களுக்கு, பணம் நின்றதும் புதிரின்மேல் இருந்த ஆர்வம் குறைந்தது. நன்றாகச் செய்கிறீர்கள் என்று வாய்ச்சொல்லாகப் பாராட்டப்பட்டவர்களின் ஆர்வமோ, பாராட்டப்படாதவர்களுடையதை விடக் கூடுதலாக இருந்தது. பின்னாளில் அவரோடு நெருங்கிப் பணியாற்றிய ரிச்சர்ட் ரயான் 1982-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். அதே பாராட்டுச் சொல்லையே, 'நீங்கள் செய்ய வேண்டியபடி செய்கிறீர்கள்' என்ற கட்டுப்படுத்தும் தொனியில் சொன்னால் ஆர்வம் சரிகிறது என்று காட்டினார். பாராட்டு ஒரு தகவலாக வரும்போது ஊட்டம் தருகிறது. கடிவாளமாக வரும்போது மனிதர்கள் அதை உடனே உணர்ந்துவிடுகிறார்கள்.

என் சக ஊழியரின் மின்னஞ்சலை மறுபடி பாருங்கள். அதில் நான் திறமைசாலி என்றோ, கடின உழைப்பாளி என்றோ, குழுவுக்குக் கிடைத்த சொத்து என்றோ ஒரு சொல்கூட இல்லை. என்னைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. நான் செய்த ஒரு வேலையைப் பற்றியும் அது அவருக்கு என்ன செய்தது என்பதைப் பற்றியும் மட்டுமே பேசியது. இது தற்செயலாக அமைந்த நயம் என்றுதான் முதலில் நினைத்தேன். 1996-இல் அவ்ரஹாம் குளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பற்றிப் படித்த பிறகுதான் அதன் காரணம் விளங்கியது. பின்னூட்டம் தொடர்பான அதுவரையிலான சோதனைகளிலிருந்து 607 விளைவுகளை எடுத்து அவர்கள் ஒன்றாக ஆராய்ந்தார்கள். பின்னூட்டம் சராசரியாகப் பயன் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கேட்பவரின் கவனம் வேலையின்மேல் இருக்கும்வரை பயன் இருக்கிறது, கவனம் 'நான் எப்படிப்பட்டவன்' என்ற கேள்விக்குத் திரும்பும்போது பயன் தேய்கிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். இது வசவுக்கு மட்டுமன்றிப் புகழ்ச்சிக்கும் பொருந்தும் என்பதுதான் முக்கியமானது. 'நீ புத்திசாலி' என்று சொல்லப்பட்டவருக்கு அடுத்த நாளிலிருந்து புத்திசாலியாகவே தெரிய வேண்டிய கூடுதல் வேலையும் வந்து சேர்கிறது.

குழுப் பொறுப்பு என்னிடம் வந்த முதல் ஆண்டில், இதெல்லாம் புரிவதற்கு முன்பே, நல்ல எண்ணத்தோடு ஒரு வழக்கத்தைத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் தமக்கு இடப்பக்கம் அமர்ந்திருப்பவரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும். நாங்கள் ஏழு பேர். முதல் வாரம் சிரிப்பும் உற்சாகமுமாக இருந்தது. மூன்றாம் வாரத்திலேயே "நல்ல டீம் பிளேயர்", "ரொம்ப ஹெல்ப்ஃபுல்" என்ற சொற்கள் மேசையைச் சுற்றி வரத் தொடங்கின. ஐந்தாம் வாரம், வேலைக்குச் சேர்ந்து பத்து நாளே ஆன ஓர் இளைஞரின் முறை வந்தது. அவர் இடப்பக்கம் இருந்தவரோடு அதுவரை ஒரு வேலைகூடச் சேர்ந்து செய்ததில்லை. சிறிது நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார் டைமுக்கு வந்துடுவார்" என்றார். பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நன்றி சொன்னார். இருவருக்கும் அந்தச் சங்கடத்தைக் கொடுத்தது நான்தான். அன்றோடு அந்த வழக்கத்தை நிறுத்தினேன். எதையும் காணாதவரைச் சாட்சி சொல்லச் சொன்னால் பொய்ச்சாட்சிதானே கிடைக்கும்?

இதற்குச் சற்றுப் பின்னர், நான் வேலை செய்த நிறுவனத்தில் பாராட்டுக்கென ஒரு செயலியையே கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் 100 புள்ளிகள். அவற்றைச் சக ஊழியர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். பெற்ற புள்ளிகளைப் பரிசுக் கூப்பன்களாக மாற்றிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் அதிகம் பெற்றவர்களின் பட்டியல் வரும். சில மாதங்களிலேயே, கடைசி வாரம் வந்ததும் நீ எனக்கு இருபது, நான் உனக்கு இருபது என்று கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிட்டது. பலரோடு பேசிப் பழகும் வேலையில் இருப்பவர்கள் பட்டியலின் மேலேயும், தனியே அமர்ந்து சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்கள் கீழேயும் நிலையாகத் தங்கிப்போனார்கள். இரண்டாம் ஆண்டில் செலவு காரணமாகத் திட்டம் கைவிடப்பட்டபோது, எனக்கு வருத்தம் தந்தது கூப்பன்கள் நின்றதன்று. அதற்கு முன்பு இயல்பாகப் பரிமாறப்பட்டுவந்த ஒன்றிரண்டு நன்றி வார்த்தைகளும் சேர்ந்து நின்றுபோயின. டெசியின் எட்டு நிமிடம் எங்கள் அலுவலகத்தில் மாதக்கணக்கில் நீண்டது.

பிறகு நாங்கள் வந்து சேர்ந்த முறை மிக எளியது. வாரம் ஒருமுறை எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்வி போகும்: "இந்த வாரம் யார் செய்த எந்த வேலையால் உங்கள் வேலை இலகுவானது?" பதில் எழுதினால் அது நேராக அந்த நபருக்குப் போகும், எனக்கு வராது, மதிப்பீட்டுப் படிவத்துக்கும் போகாது. எழுத ஒன்றுமில்லை என்றால் விட்டுவிடலாம். ஏன் எழுதவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். இந்தக் கேள்வியில் "யார்" என்பதற்கு அடுத்தே "எந்த வேலை" என்று கேட்டிருப்பதுதான் உயிர்நாடி. குணத்தைப் புகழ இடம் கொடுக்காமல் நடந்ததைச் சொல்ல வைக்கிறது. சில வாரங்களில் இரண்டே பதில்கள்தாம் வந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால் தெரியவந்தது. அந்த இரண்டும் மெய்யாக இருந்ததால் குறையொன்றுமில்லை.

முதல் சில வாரங்களில், தாம் எழுதிய பதிலைக் கூட்டத்தில் வாசிப்பது எல்லோருக்கும் மகிழ்ச்சி தரும் என்று நினைத்து ஒருவர் உரக்க வாசித்தார். அதில் பெயர் வந்த இளம்பெண், வங்கிக் கணக்கு ஒப்பீட்டைப் பார்த்துக்கொள்பவர், கூட்டம் முடியும்வரை நிமிரவேயில்லை. பிறகு என்னிடம் வந்து, "மேடம், எழுதிக் கொடுத்தா பத்திரமா வெச்சுக்குவேன். எல்லார் முன்னாடியும் சொன்னா, அடுத்த மாசம் ஒரு தப்பு வந்தா அதையும் எல்லாரும் பார்ப்பாங்கன்னு பயமா இருக்கு" என்றார். பாராட்டைப் பலர் அறியச் செய்வதுதான் உயர்ந்த மரியாதை என்று நான் எண்ணியிருந்தது எவ்வளவு மேலோட்டமானது என்பதை அன்று உணர்ந்தேன். சபையில் கேட்பதை விரும்புகிறவர்களும் உண்டு, அவர்களுக்குச் சபையிலேயே சொல்லலாம்; ஆனால் முதலில் அவரிடம் கேட்டுவிட வேண்டும்.

என் பிழைகளில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. குழுவில் ஓர் இளைஞர், ஒரு கணக்கு முடிப்பின்போது, நிலுவையிலிருந்த ஒப்பீட்டு அறிக்கையை இரவு 11.40 மணிக்கு அனுப்பினார். மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் அவருடைய அர்ப்பணிப்பை மனமாரப் பாராட்டினேன். இரண்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, குழுவில் நான்கு பேர் நள்ளிரவை ஒட்டி மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அவற்றில் பல அவசரமே இல்லாதவை. யாரையும் இரவில் வேலை செய்யச் சொல்லி நான் ஓர் உத்தரவும் போட்டதில்லை. ஆனால் என் பாராட்டு உத்தரவாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊழியர் நலனுக்காக என்று தொடங்கிய ஒன்று அவர்கள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அதைக் குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அதன்பிறகு நானே எழுதிய முதல் குறிப்பு, குழுவில் இன்னொருவருக்கு: "வியாழக்கிழமைக்குள் இது முடியாது என்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே சொன்னீர்கள். அதனால் நமக்கு வர வேண்டிய நிலுவைகளின் பட்டியலை முன்னே இழுத்து, உங்கள் பகுதியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ள எனக்கு நேரம் கிடைத்தது. யாரும் இரவில் உட்கார வேண்டி வரவில்லை." முடியாது என்று முன்கூட்டியே சொன்னதற்குத் தமக்கு நன்றி கிடைத்ததை அவர் நம்பவில்லை, ஏதேனும் குத்தலாகச் சொல்கிறேனோ என்று வந்து கேட்டார். எந்தச் செயலைக் கண்டு சொல்கிறோமோ அந்தச் செயல் பெருகும். ஆகவே எதைக் கண்டு சொல்கிறோம் என்பதில் நாம் அஜாக்கிரதையாக இருக்கக்கூடாது.

ஆறு மாதங்கள் ஆனபோது, குழுவினரின் ஒப்புதலோடு, அவர்கள் தரச் சம்மதித்த குறிப்புகளை வாங்கி ஒரே மூச்சில் படித்தேன். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பெண்களுக்கு எழுதப்பட்டவற்றில் பொறுமை, அன்பு, எப்போதும் சிரித்த முகம் என்ற சொற்கள் நிறைய இருந்தன. ஆண்களுக்கு எழுதப்பட்டவற்றில் கண்டுபிடித்தார், முடிவெடுத்தார், சரியான நேரத்தில் தடுத்தார் என்ற வினைச்சொற்கள் இருந்தன. எழுதியவர்களில் பெண்களும் உண்டு. யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை. இதைக் குழுவின் முன் வைத்தபோது, பாதுகாத்துப் பேசாமல் எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அடுத்த மாதத்துக் குறிப்புகளில் வினைச்சொற்கள் பரவலாக வந்தன.

இன்னொன்று, ஒருவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அவர் சப்ளையர்களின் விவரப் பதிவேட்டைப் பராமரிப்பவர். எங்கள் பணியில் உள்ள பெரிய ஆபத்துகளில் ஒன்று, சப்ளையரின் பெயரில் யாரோ ஒருவர் போலி மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனிமேல் பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று கேட்பது. அதை நம்பி எண்ணை மாற்றினால் பணம் போயே போய்விடும். ஒருநாள் காலை அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாற்றக் கோரும் ஒன்பது விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும், மின்னஞ்சலில் இருந்த தொலைபேசி எண்ணைத் தொடாமல், பழைய ஒப்பந்தத்தைத் திறந்து அதிலிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். ஏழாவது அழைப்பில் மறுமுனையில் இருந்தவர், நாங்கள் எந்த மாற்றமும் கேட்கவில்லையே என்றார். இவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த விண்ணப்பத்தின்மேல் சிவப்பில் ஒரு கோடு போட்டு, பாதுகாப்புப் பிரிவுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, எட்டாவதை எடுத்தார். அவர் வேலை சரியாக நடக்கும் வரையில் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்? அன்று மாலை அவருக்கு நான் கண்டதை அப்படியே எழுதினேன். பணம் பட்டுவாடா செய்யும் மூவரிடமும் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் அவர்கள் மூவருமே அவருக்கு எழுதியிருந்தார்கள்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பார்க்கும் வழியை ஒரு மருத்துவமனை ஒழுங்காகவே அமைத்திருக்கிறது. மருத்துவமனைகளில் தவறு நடந்தால் அதை அறிக்கையாகப் பதிவு செய்யும் முறை நெடுங்காலமாக உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவினர் 2014-இல் அதன் மறுபக்கத்தைத் தொடங்கினார்கள்: சக பணியாளர் ஒருவர் ஒரு வேலையைச் சிறப்பாகச் செய்வதைக் கண்டால் அதையும் அறிக்கையாகப் பதிவு செய்யலாம்; அது உரியவருக்குத் தெரிவிக்கப்படும், அதிலிருந்து மற்றவர்கள் என்ன கற்கலாம் என்றும் பார்க்கப்படும். சிறப்பிலிருந்து கற்றல் என்று பொருள்படும் பெயரில் அது பிறகு வேறு பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. நல்லதை நல்லது என்று சொல்வதோடு நில்லாமல், அது எப்படி நடந்தது என்று ஆராயத் தகுந்ததாக நடத்துவது எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது. அந்தப் பதிவேட்டுக்காரர் ஒப்பந்தத்தைத் திறந்து எண்ணைப் பார்க்கும் வழக்கம் எங்கள் குழுவின் எழுதப்பட்ட நடைமுறையானதும் அப்படித்தான்.

எத்தனை பாராட்டுக்கு எத்தனை குறை சொல்லலாம் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2005-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் மார்சியல் லோசாடாவும் நேர்மறை உணர்வுகளுக்கும் எதிர்மறை உணர்வுகளுக்கும் இடையே 2.9013 என்ற துல்லியமான விகிதத்தை அறிவித்தார்கள். மேலாண்மைப் பயிற்சிகளில் அது வேதவாக்கானது. 2013-இல் நிக்கோலஸ் பிரவுன், ஆலன் சோக்கல், ஹாரிஸ் ஃப்ரீட்மன் ஆகியோர் அந்தக் கணிதத்துக்கு அடிப்படையே இல்லை என்று காட்டினார்கள். அந்தக் கணித மாதிரியும் திரும்பப் பெறப்பட்டது. ஒரு குறையைச் சொல்வதற்காக மூன்று பாராட்டுகளைத் தேடி அலைபவரின் பாராட்டு, கேட்பவருக்கு எச்சரிக்கை மணியாகத்தான் ஒலிக்கும். குறையைச் சொல்ல வேண்டுமானால் அதைத் தனியே, தெளிவாகச் சொல்வதே நேர்மை. அதேபோல் பாராட்டின் வாலில் ஒரு வேலையைக் கட்டி அனுப்பக்கூடாது. "அருமையாகச் செய்திருந்தீர்கள், இதையும் கொஞ்சம் பார்த்துக்கொடுங்கள்" என்ற வாக்கியத்தில் முதல் பாதி கேட்பவர் காதில் விழுவதேயில்லை.

இந்த இடத்தில் ஓர் எல்லையையும் வெளிப்படையாகச் சொல்லிவிட விரும்புகிறேன். ஒன்பது பேர் வேலையை ஏழு பேர் செய்யும் இடத்தில், சக ஊழியரின் நல்ல சொல் சுமையைக் குறைக்காது. மிரட்டுகிற அதிகாரி இருக்கும் இடத்தில் அது மிரட்டலை நிறுத்தாது. சம்பளம் குறைவாக இருந்தால் அதற்கு ஈடும் ஆகாது. இந்தப் பழக்கத்தைக் காட்டி, எங்கள் ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று ஒரு நிர்வாகம் சொல்லிக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிப்போடுமானால், அது அந்த நல்ல சொற்களையே களங்கப்படுத்துவதாகும். என் விஷயத்தில், அந்த மின்னஞ்சல் என் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை. ஆனால் என் வேலைக்கு மதிப்பு உண்டு என்று நம்பிய பிறகுதான், கணக்கு முடிப்புக்கு இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்று மேலாளர் முன் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க எனக்கு வாய் வந்தது. கிடைத்தது ஒரு நாள்.

இவ்வளவு பயனுள்ள ஒன்றை நாம் ஏன் இவ்வளவு அரிதாகச் செய்கிறோம்? அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. தமக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களை ஊகிக்கச் செய்தார்கள். பிறகு பெற்றவர்களையே கேட்டார்கள். பெறுபவரின் வியப்பையும் மகிழ்ச்சியையும் எழுதியவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். அவருக்கு ஏற்படும் சங்கடத்தை மிகைப்படுத்தியிருந்தார்கள். எழுதுபவர் சொற்கள் சரியாக அமைந்தனவா என்று கவலைப்படுகிறார். பெறுபவரோ அதிலுள்ள அன்பைத்தான் பார்க்கிறார்.

அதைப் படித்த அன்றுதான், எனக்கு அந்த ஐந்து வரிகளை எழுதிய சக ஊழியருக்கு நான் ஒரு வார்த்தையும் திருப்பி எழுதியதில்லை என்பது உறைத்தது. அவர் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. எழுத உட்கார்ந்தபோது, இத்தனை ஆண்டு கழித்து ஒரு பழைய மின்னஞ்சலைப் பற்றிப் பேசினால் விசித்திரமாக நினைப்பாரோ என்ற தயக்கம், ஆய்வில் படித்தபடியே வந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பிறகு அவர் முறையையே பின்பற்றி, நடந்ததை மட்டும் எழுதினேன்: ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தது, அவர் மின்னஞ்சல் வந்த நாள், அந்த ஒரு நாள் அவகாசத்தை நான் கேட்டுப் பெற்றது, இன்று என் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளிலேயே நரேஷன் எழுதக் கற்றுக்கொடுப்பது.

அரை மணி நேரத்துக்குள் பதில் வந்தது. அவருடைய மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாளாம். அப்படியொரு மின்னஞ்சல் எழுதியதே தமக்கு நினைவில்லை என்றும், 17 கேள்விகள் வந்த அந்த இரவு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். "அதை இன்னும் வைத்திருந்தால் எனக்கு அனுப்புகிறீர்களா? மகளிடம் காட்ட வேண்டும்" என்று கேட்டிருந்தார். தேடி எடுத்து அனுப்பினேன்.